திட்டு வாங்குபவரின் முகத்தைப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு அமெரிக்க டிவி நிகழ்ச்சியைப் பற்றிப் பேசப் போகிறேன். ‘தி டீன் மார்ட்டின் செலிப்ரிட்டி ரோஸ்ட்’. ரோஸ்ட் என்றால் ஒரு பிரபலத்தை மேடையில் உட்கார வைத்து, எல்லோரும் கூடி அவரைக் கேலி செய்வது. யூடியூபில் துண்டு துண்டாக நிறையக் கிடைக்கிறது. நீங்களும் ஒன்றிரண்டு பார்த்திருப்பீர்கள். டக்ஸீடோ போட்ட வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் மைக் முன்னால் நின்று பக்கத்தில் இருப்பவரைக் கிழி கிழி என்று கிழிப்பார். திட்டு வாங்குகிறவர் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்துக்கொண்டிருப்பார். அந்த வழுக்கைத் தலைக்காரர் நகைச்சுவைக் கலைஞர் டான் ரிக்கிள்ஸ். சிரிப்பவர் சில நேரம் பாடகர் ஃப்ராங்க் சினாட்ரா, சில நேரம் பின்னால் அமெரிக்க ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன், பெரும்பாலும் நிகழ்ச்சியை நடத்துகிற பாடகரும் நடிகருமான டீன் மார்ட்டின்.

எனக்கு இந்த நிகழ்ச்சி மேல் தீராத பிரியம். எத்தனையோ ரோஸ்ட்கள் வந்துவிட்டன, இன்றும் வருகின்றன. ஆனால் மனசு சோர்ந்து கிடக்கிற ராத்திரியில் நான் போட்டுப் பார்ப்பது இதைத்தான். ஏன் என்று யோசித்தால் எனக்குக் கிடைக்கிற பதில் எப்போதும் ஒன்று: இதில் ரசிக்க வேண்டியது ஜோக் சொல்கிறவரை விட அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவரை. அவர் முகத்தில்தான் முழு நிகழ்ச்சியும் இருக்கிறது.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கில் 1904-ல் தொடங்கிய ஃப்ரையர்ஸ் கிளப் என்று ஒன்று இருந்தது. மேடைக் கலைஞர்களும் சினிமாக்காரர்களும் கூடிய இடம். அங்கே ஒருவரைக் கௌரவிக்க விருந்து வைத்து, அந்த விருந்திலேயே அவரை வச்சு செய்கிற பழக்கம் வந்தது. முதலில் அப்படி ரோஸ்ட் ஆனவர் என்று பிரெஞ்சுப் பாடகர் மோரிஸ் செவாலியேவைச் சொல்வார்கள், 1950 வாக்கில். கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிற விருந்து அது. பேச்செல்லாம் வெளியில் சொல்ல முடியாத பேச்சு. 1960-களின் கடைசியில் என்பிசி சேனலின் ‘கிராஃப்ட் மியூசிக் ஹால்’ நிகழ்ச்சியில் அதன் சுத்தப்படுத்திய வடிவம் டிவிக்கு வந்தது.

அப்புறம்தான் டீன் மார்ட்டின். 1965-லிருந்து அவருக்கு என்பிசியில் வாராந்திர நிகழ்ச்சி ஒன்று இருந்தது. பாட்டு, நகைச்சுவை, விருந்தினர்கள் என்று எட்டு வருஷம் ஓடி, கொஞ்சம் களைத்துப்போன நேரம். தயாரிப்பாளரும் இயக்குநருமான கிரெக் கேரிசன் 1973-ல் கடைசி சீசனில் இந்த ரோஸ்ட் பகுதியைச் சேர்த்தார். முதலில் மாட்டியவர் அப்போது கலிஃபோர்னியா கவர்னராக இருந்த ரீகன். வார நிகழ்ச்சி 1974-ல் முடிந்துபோனது, ரோஸ்ட் மட்டும் பிழைத்துக்கொண்டது. லாஸ் வேகஸில் எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டலில் வைத்துத் தனிச் சிறப்பு நிகழ்ச்சிகளாக 1984 வரைக்கும் எடுத்தார்கள். மொத்தம் 54.

சரி, வரலாறு போதும். அந்த மேடை எப்படி இருக்கும் என்று பாருங்கள், அதில் விஷயம் இருக்கிறது. நீளமான மேசை, அதற்குப் பின்னால் வரிசையாக ஆட்கள். நடுவில் பேசுகிற இடம். அதற்கு ஒரு பக்கம் டீன் மார்ட்டின், இன்னொரு பக்கம் அன்றைய நாயகர். ஆகவே யார் எழுந்து வந்து பேசினாலும், திட்டு வாங்குபவர் அவருக்குக் கை எட்டும் தூரத்தில் இருப்பார். அவருக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. பேசுகிறவருக்கும் அப்படித்தான், தூரத்தில் நின்று கல்லெறிந்துவிட்டு ஓட முடியாது. திரும்பினால் அந்த முகம். சொன்ன வார்த்தை அங்கே எப்படி இறங்கியது என்று அந்த நொடியே தெரிந்துவிடும்.

நம் கல்யாண வீடுகளில் சம்பந்தியைக் கேலி செய்து ஏசல் பாடுவார்களே, அதே உரிமைதான் இது. வேண்டாதவர் வீட்டுக் கல்யாணத்தில் போய் யாரும் அப்படிப் பாட மாட்டார்கள். இவர் நம்மவர், சொன்னால் தாங்குவார், சொல்லாவிட்டால்தான் கோபித்துக்கொள்வார் என்கிற நம்பிக்கை இருந்தால்தான் பாட்டு வரும்.

டீன் மார்ட்டினிடம் வருகிறேன். ஒஹையோ மாநிலத்தில் ஸ்டூபன்வில் என்ற ஊர்க்காரர், 1917-ல் பிறந்தவர். 1946 முதல் 1956 வரை ஜெர்ரி லூயிஸோடு ஜோடி சேர்ந்து அமெரிக்காவையே சிரிக்க வைத்தவர். அந்த ஜோடியில் லூயிஸ் குரங்குச் சேட்டை எல்லாம் செய்வார், டீன் நேராக நிற்பார். பத்து வருஷம் அதுதான் வேலை: பக்கத்தில் ஒருவன் குதிக்கும்போது அவனுக்கு இடம் கொடுத்து, சரியான நேரத்தில் ஒரு பார்வை, ஒரு சின்னச் சொல். எல்லோரும் லூயிஸைத்தான் மேதை என்றார்கள். ஆனால் அந்த இடம் கொடுக்கிற வித்தையை டீனைப் போல் அறிந்தவர்கள் மிகச் சிலர்தான். ரோஸ்ட் மேடையில் அது அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் ஒவ்வொருவரையும் அறிமுகம் செய்வார், இரண்டு மூன்று ஜோக் சொல்வார், உட்கார்ந்துவிடுவார். அதற்குப் பிறகு அவர் செய்வது கேட்பது. வாயில் சிகரெட், கண் பாதி மூடி, நல்ல ஜோக் வந்தால் தலை மேசைக்குக் குனிந்துவிடும். ஒத்திகைக்கே வராதவர் என்பது ஊரறிந்த விஷயம். தன்னுடைய வார நிகழ்ச்சிக்குக்கூட பதிவு நாளன்றுதான் வருவார் என்று ஒப்பந்தம். அதனால் அறிமுகத்தை அட்டையைப் பார்த்துத்தான் படிப்பார், தடுமாறுவார், தடுமாறியதற்குத் தானே சிரிப்பார். கேரிசன் அதை வெட்ட மாட்டார். அந்தத் தடுமாற்றம் இருந்ததால்தான் ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

இப்போது ஜோக்குகள். ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? திட்டு எப்போதும் ஊருக்கே தெரிந்த விஷயத்தின் மேல்தான் விழும். நகைச்சுவை நடிகர் ஜாக் பென்னி என்றால் கஞ்சத்தனம், முப்பத்தொன்பதைத் தாண்டாத வயது, சகிக்க முடியாத வயலின். டீன் என்றால் குடி. சினாட்ரா என்றால் முன்கோபம். இதில் பலது அவர்களே பல வருஷம் மேடையில் வளர்த்த வேஷம். பென்னி நிஜத்தில் தாராளமானவர். இசைக்குழுக்களுக்கு நிதி திரட்ட அந்த வயலினோடு ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்தவர். டீன் கையில் இருந்த கிளாஸில் பெரும்பாலும் ஆப்பிள் ஜூஸ்தான் என்று அவர் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். அப்படியென்றால் கத்தி போவது வேஷத்துக்குள். வேஷத்துக்கு உள்ளே இருக்கிற மனுஷனைத் தொடுவதில்லை. திட்டு வாங்கினாலும் அவர் சிரிக்க முடிகிறது என்றால் இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த இடத்தில் ஃபாஸ்டர் புரூக்ஸைச் சொல்லாமல் போகவே முடியாது. தாடி வைத்த, பார்த்தால் பெரிய நீதிபதி மாதிரி மரியாதையான மனிதர். மைக் முன்னால் வந்து நிற்பார். கன்னாபின்னா என்று குடித்திருப்பார், ஆனால் குடிக்காதவர் மாதிரி இருக்க உயிரைக் கொடுத்து முயற்சி செய்வார். ஒவ்வொரு வாக்கியமும் கண்ணியமாகத் தொடங்கும், நடுவில் ஒரு எழுத்து வழுக்கும், வார்த்தை எங்கேயோ போய் விழும். அதைத் திருத்தப் போய் இன்னும் மோசமாகும். டிவியில் சொல்லக்கூடாத எதையும் அவர் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டுவிடும். ரேடியோவிலும் டிவி நிலையங்களிலும் அறிவிப்பாளராக இருந்து, அறுபது வயதை நெருங்கும்போதுதான் இப்படிப் பேர் வாங்கினார். இந்தக் குடிகார வேஷத்தைப் போட்ட மனிதர் 1964-லேயே குடியை விட்டுவிட்டவர். அவர் பேசும்போது டீன் படும் பாட்டைப் பாருங்கள். மூச்சு விட முடியாது அவருக்கு.

ஒவ்வொருவருக்கும் ஒரு வழி இருந்தது, அதுவும் எனக்குப் பிடித்த விஷயம். நிப்ஸி ரஸ்ஸல் எதையும் எதுகையோடு குட்டிக் கவிதையாகச் சொல்வார். ரெட் பட்டன்ஸ் சரித்திரத்திலும் பைபிளிலும் உள்ள ஆட்களை வரிசையாக இழுத்து, இவருக்கெல்லாம் யாரும் விருந்து வைக்கவே இல்லையே என்று அடுக்கிக்கொண்டே போவார். அந்த ஒரே வரி திரும்பத் திரும்ப வரும்போது ஒரு பஜனை மாதிரி ஏறும். ரூத் பஸ்ஸி தலையில் வலை, கையில் பர்ஸ் என்று கிளாடிஸ் என்ற முதிர்கன்னியாக வந்து, கடைசியில் பர்ஸாலேயே டீனை மொத்துவார். 2025 மே மாதம் அவர் காலமானார். 1978-ல் சினாட்ராவுக்கு நடந்த ரோஸ்டில் பீட்டர் ஃபாக், பழைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, டிவி தொடரில் தான் நடித்த கொலம்போ துப்பறிவாளராகவே வந்தார். திட்டவே இல்லை. சினாட்ரா முன்னால் வந்து நின்ற ஒரு சாதாரண ரசிகனின் கூச்சம், அதை மட்டுமே வைத்துக்கொண்டு அந்த அரங்கத்தையே பிடித்துவிட்டார். அது நடிப்பு வகுப்பில் போட்டுக் காட்ட வேண்டிய துண்டு.

ஆனாலும் மன்னன் ரிக்கிள்ஸ்தான். மற்றவர்களுக்கு எழுத்தாளர் கூட்டம் எழுதிக் கொடுத்த வரிகள். இவர் எழுதி வைத்துப் படிக்கிறவர் இல்லை. மேசையைச் சுற்றிப் பார்ப்பார், கண்ணில் பட்டவரை எல்லாம் பொறித்தெடுப்பார். அவரும் சினாட்ராவும் எப்படி நண்பர்கள் ஆனார்கள் தெரியுமா? 1957-ல் மயாமி பீச்சில் ஒரு சின்ன கிளப்பில் ரிக்கிள்ஸ் பேசிக்கொண்டிருக்கிறார். சினாட்ரா உள்ளே வருகிறார். அந்தக் காலத்து சினாட்ரா என்றால் கை நீளும் ஆள் என்று பேர். எல்லோரும் பயந்து வழிவிடுவார்கள். ரிக்கிள்ஸ் மேடையிலிருந்தே, உங்கள் வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் ஃப்ராங்க், யாரையாவது ஒரு அறை விடுங்கள் என்கிறார். ஒரு நொடி மௌனம் இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன். சினாட்ரா விழுந்து விழுந்து சிரித்தார். அன்றையிலிருந்து ரிக்கிள்ஸைத் தூக்கி வைத்துக்கொண்டார். 1985-ல் ரீகனின் இரண்டாவது பதவியேற்பு விழாவில் ரிக்கிள்ஸ் இல்லாமல் நான் வரமாட்டேன் என்று சொல்லி அழைத்துப்போனதும் சினாட்ராதான். தன்னைச் சுற்றி எல்லோரும் ஆமாம் சாமி போடும்போது, ஒருவன் மட்டும் முகத்துக்கு நேரே உண்மை மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டான். பெரிய ஆட்களுக்கு அது தாகமாக இருக்கிற விஷயம் என்று எனக்குத் தோன்றும். ரோஸ்ட் மேடைக்கு அவ்வளவு பெரிய பெரிய ஆட்கள் ஏன் வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள் என்பதற்கும் இதுதான் விடை என்று நினைக்கிறேன்.

இன்னொன்று: ரிக்கிள்ஸ் பெரும்பாலும் பேச்சின் கடைசியில் குரலை இறக்கி, அந்த நபரைப் பற்றி இரண்டு வரி நிஜமாக நல்லது சொல்லிவிட்டு உட்காருவார். சிலருக்கு அது செயற்கையாகத் தோன்றும். எனக்கு அப்படி இல்லை. திட்டும்போது இருந்த அதே உடம்பு, அதே வியர்வை. அந்த இரண்டு வரிக்கு இடம் பண்ணத்தான் அவ்வளவு நேரம் திட்டினார் என்று நினைக்கிறேன்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயங்கள். முதலாவது எடிட்டிங். நீங்கள் பார்க்கிற எல்லாச் சிரிப்பும் அந்த ஜோக்குக்கான சிரிப்பு இல்லை. சில பேர் அந்த மேடையில் மற்றவர்களோடு ஒரே நேரத்தில் உட்காரவே இல்லை. அவர்களைத் தனியாகப் பதிவு செய்து ஒட்டினார்கள். ஒரே ஆள் ஒரே மாதிரி சிரிக்கிற ஷாட் இரண்டு மூன்று தடவை வரும். ரெக்கார்டு சிரிப்புச் சத்தமும் மேலே தூவியிருப்பார்கள். அப்படியென்றால் நான் முகத்தைப் பாருங்கள் என்று சொல்வதில் என்ன அர்த்தம் என்று கேட்பீர்கள். ஒரு வழி இருக்கிறது. தனி முகத்துக்கு வெட்டுகிற ஷாட்டை விட்டுவிடுங்கள். பேசுகிறவரும் கேட்கிறவரும் ஒரே சட்டத்துக்குள் இருக்கிற ஷாட்டைப் பாருங்கள். ரிக்கிள்ஸ் நிற்கிறார், ஓரத்தில் டீன் தெரிகிறார், இரண்டுக்கும் நடுவில் வெட்டு இல்லை. அங்கே பொய் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட ஷாட்கள் நிறையவே இருக்கின்றன. பழகிவிட்டால் கண் தானாக அதைத்தான் தேடும்.

இரண்டாவது விஷயம் இன்னும் கனமானது. 1975-ல் பாடகர் சாமி டேவிஸ் ஜூனியருக்கு நடந்த ரோஸ்ட். கறுப்பினத்தவர், யூத மதத்துக்கு மாறியவர், 1954 கார் விபத்தில் இடது கண்ணை இழந்தவர். மூன்றையும் வைத்து ஜோக். அவரே தன் மேடைகளில் இவற்றை வைத்து ஜோக் சொன்னவர்தான், தெரியும். ரோஸ்டிலும் காலைத் தரையில் அடித்து அடித்துச் சிரிக்கிறார். ஆனால் 1940-களில் இதே லாஸ் வேகஸில் மேடையில் பாட அவரை அழைத்த ஹோட்டல்கள், பாடி முடித்ததும் தங்க அறை கொடுக்கவில்லை. நகரத்தின் மறு பக்கம் போய்த் தங்க வேண்டியிருந்தது. அந்த ஊரில், அந்த மேடையில், நிறத்தைச் சொல்லும் ஜோக்குக்குச் சிரிக்கிற அவர் முகத்தை நான் எப்படிப் படிப்பது? சிரிக்காமல் இருக்க அவருக்கு இடம் இருந்ததா? மற்றவர்கள் முகத்தில் எனக்குத் தெரிகிற விடுதலை, அவர் முகத்தில் சில இடங்களில் எனக்குத் தெரியவில்லை. அந்த ஜோக்குகள் வரும்போது நான் சிரிப்பதில்லை. பெண்களின் உடம்பைப் பற்றி வருகிற பல வரிகளும் அப்படித்தான், வெறும் சோம்பேறித்தனம். அந்தக் காலம் அப்படி என்று சொல்லித் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. அந்தக் காலத்திலும் அதைக் கேட்டு வலித்தவர்கள் இருந்திருப்பார்கள்.

சரி, இதற்குப் பிறகு வந்த ரோஸ்ட்களைப் பற்றி ஒன்றே ஒன்று. 2002-ல் நகைச்சுவை நடிகர் செவி சேஸுக்கு ஃப்ரையர்ஸ் கிளப் பெயரில் காமெடி சென்ட்ரல் சேனலில் நடந்ததைப் பாருங்கள். பழைய சகாக்களில் வந்தவர்கள் மிகச் சிலர். மேடையில் ஏறியவர்கள் பலருக்கு அவரோடு பழக்கமே கிடையாது. ஒவ்வொருவராக வந்து எழுதி வைத்ததைச் சுட்டுவிட்டுப் போகிறார்கள். அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். ஜோக்குகளில் சில டீன் மார்ட்டின் காலத்து ஜோக்குகளை விடக் கூர்மையானவை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் பார்க்க முடியவில்லை. ஒரு மனுஷனைத் தெரியாதவர்கள் கூடி அடிக்கிறார்கள், அவ்வளவுதான். தனக்கு அது வலித்தது என்று பின்னால் அவரே சொன்னார். அந்தக் கறுப்புக் கண்ணாடியையும், ரிக்கிள்ஸ் பேசும்போது கண்ணைத் துடைத்துக்கொள்கிற டீனையும் அடுத்தடுத்துப் பாருங்கள். நான் இவ்வளவு நேரம் சொன்னது அதற்குள் இருக்கிறது.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: முகமது அலியின் ரோஸ்ட். 1976 பிப்ரவரியில் ஒளிபரப்பானது, மணிலாவில் ஜோ ஃப்ரேசியரோடு மோதி நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. வாயாடித்தனத்துக்கே பேர் போன அலி, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து கேட்கிற காட்சி. அதில் பில்லி கிரிஸ்டல் என்று ஒரு இளைஞர் வந்து அலி மாதிரியே பேசிக் காட்டுவார். பின்னால் பெரிய ஆளாகப் போகிறவர். அப்புறம் 1975-ல் வந்த, நடிகை லூசில் பாலின் ரோஸ்ட். அதில் வருகிற ஜாக் பென்னி 1974 டிசம்பரில் காலமாகிவிட்டார், அவர் இறந்த பிறகுதான் அது ஒளிபரப்பானது. கஞ்சன் வேஷத்தை அவர் கடைசி வரைக்கும் கழற்றவில்லை என்பதை அதில் பார்க்கலாம்.

அதற்கடுத்து டீன் மார்ட்டினுக்கே நடந்த ரோஸ்ட், அதுவும் 1976 பிப்ரவரி. அன்றைக்கு மேடையை நடத்துகிற பொறுப்பு ரிக்கிள்ஸிடம். டீனுக்கு அறிமுகம் செய்கிற வேலையில்லை, அட்டையைப் படிக்கிற வேலையில்லை. அரை மணி நேரம் கழித்து ஃபோனில் வேறு எதையாவது நோண்டத் தோன்றும், நோண்டாதீர்கள். பார்த்துவிட்டு யாருடைய பேச்சுக்கு அவர் அதிகம் சிரித்தார் என்று எனக்கு எழுதுங்கள். என் கணக்கில் ஒருவர் இருக்கிறார், உங்களுடையதைக் கேட்டுவிட்டு அடுத்த வீடியோவில் சொல்கிறேன்.